ஜன்னலோர மேஜை

மாணவர் நல அலுவலராக வந்தவளுக்கு ஊர் புதிது, பேச ஆளில்லை. விடுதிப் பிள்ளைகளுக்கும் இப்படித்தானே இருக்கும் என்று நினைத்தாள். பல்கலைக்கழக உணவகத்தில் ஜன்னலோர நீள மேஜையைக் கேட்டு வாங்கி, “தனியாக இருக்கிறீர்களா? இங்கே உட்காருங்கள், பேசலாம்” என்று ஒரு பலகை வைத்தாள். மேலிடம் பாராட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனது.

அதன்பிறகு அந்தப் பக்கம் ஈ காக்கை அண்டவில்லை. இடம் கிடைக்காத பிள்ளைகள் தட்டை ஏந்தி நின்றபடியே சாப்பிட்டார்கள். அவள் மட்டும் தினமும் அங்கே உட்கார்ந்து, யாராவது நெருங்கினால் சிரித்து வைத்தாள்.

கல்லாவில் இருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“தப்பா நினைக்காதம்மா. அங்க வந்து உக்காந்தா, எனக்கு யாருமில்லன்னு தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும். எந்தப் புள்ள வரும்?”

அவளுக்குச் சுருக்கென்றது. அன்றே பலகையைத் தன் அறைக்குத் தூக்கிப் போனாள்.

மறுநாள் அவள் வருவதற்குள் மேஜை நிறைந்திருந்தது. முன்பின் தெரியாதவர்கள் உப்பைக் கேட்டு வாங்கியே பேச்சில் இறங்கியிருந்தார்கள். அவள் ஆசைப்பட்டதும் அதுதான். தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாணவி நிமிர்ந்தாள். “மேடம், யாரையாவது தேடுறீங்களா?”

“இல்லம்மா. நீங்க சாப்பிடுங்க.”

அறைக்கே வந்து சாப்பிட உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் சாய்த்திருந்த பலகை அவளையே கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டாள்.