அப்பாவின் இதயத்தில் வெள்ளைக் கோடு

நான் வேலை பார்க்கும் மலை ஆஸ்பத்திரியில், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு கங்காணி உள்ளே வந்தார். அப்பா வேலை செய்யும் தோட்டத்துக் கங்காணி. எனக்கு மாமா முறை. கால் முழுக்கச் சேறு.

"பதறாத ஆத்தா. அப்பாவைத் தூக்கிட்டு வந்துருக்கோம். மருந்து ஏறிருச்சு. நல்லாக் குளிப்பாட்டித்தான் ஜீப்புல போட்டோம்."

உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் யார் மயங்கி விழுந்தாலும் இதுதான் தீர்ப்பு: பூச்சிமருந்து உடம்பில் ஏறிவிட்டது. சட்டையைக் கழற்றிக் குழாயடியில் உட்கார வைத்து சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பலருக்கு நிஜமாகவே மருந்துதான் காரணம் என்பதால் யாரும் அதற்குமேல் யோசிப்பதில்லை. அப்பா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மருந்து அடிக்கிறவர். அதற்கு முந்தைய மாதம்கூட விழுந்திருக்கிறார். குளிப்பாட்டினார்கள், எழுந்தார், டீ குடித்தார், வேலைக்குப் போய்விட்டார்.

ஓடினேன். அவசரப் பிரிவில் அப்பாவை ஈரத் தலையோடு, கம்பளியில் சுருட்டி வைத்திருந்தார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. நர்ஸ் அக்கா அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். விஷம் ஏறியிருந்தால் கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கும், வாயில் எச்சில் வழியும். அப்பாவுக்குக் கண்மணி சாதாரணமாக இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. மானிட்டரில் நாடித்துடிப்பு முப்பதைக்கூடத் தொடவில்லை.

"மாமா, இன்னிக்கு எந்தப் பக்கம் மருந்து அடிச்சீங்க?"

"இன்னிக்கு எங்கத்தா அடிக்க? மழையில்ல ஊத்துது. அப்பா ஸ்டோர்ல காய் கொட்டிக்கிட்டு இருந்தாரு."

"நேத்து?"

"நேத்தும் ஸ்டோர்தான். இந்த வாரம் பூரா காய் ஒணத்துற வேலைதான்."

"அப்புறம் எப்படி மாமா மருந்து ஏறும்?"

"விழுந்தாருல்ல..." என்றார்.

விழுந்தார், அதனால் மருந்து. அவ்வளவுதான் கணக்கு. அப்படியானால் முந்தைய மாதம் விழுந்ததும் மருந்தால் இல்லை.

டாக்டர் மலையாளி. எங்களோடு பேசிப் பேசி அவருடைய தமிழும் மலையாளமும் ஒன்றாகிவிட்டன. ஈசிஜி தாளை ஒருமுறைதான் பார்த்தார். "இது விஷமில்ல மோளே. இதயத்தோட மேலறை அடிக்கறது கீழறைக்குத் தெரியவே இல்லை. துடிப்பு எறங்கற வழி முழுக்க அடைஞ்சு போச்சு."

பேஸ்மேக்கர் வைக்க வேண்டும். அதற்கு மலை இறங்க வேண்டும். "இந்த நெலமையில ஆம்புலன்ஸ்ல ஏத்தினா பாதி வளைவு தாண்டறதுக்குள்ள உயிர் போயிடும்" என்றார், குரலைத் தாழ்த்தாமலே. கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு தற்காலிக வயரை இதயத்துக்குள் இறக்கி, வெளியே ஒரு பெட்டியிலிருந்து துடிப்பு கொடுத்தால்தான் கீழே கொண்டுபோக முடியும். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே வயரைத் தள்ளுவார்கள். எங்களிடம் அந்த மெஷின் இல்லை. எக்கோ இருந்தது. எக்கோ பார்க்க அன்றைக்கு நான் மட்டும்தான் இருந்தேன்.

"கை விறைக்குமா?" என்று கேட்டார். நடுங்குமா என்று அர்த்தம்.

"இல்ல சார்."

"பொய் பறயாதே. விறைச்சாலும் புரோபை எடுக்காதே. அது போதும்."

படிக்கும்போது இந்த முறையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் விடாமல் வாசித்தவள் நான். எக்கோவை வைத்தே வயரை ஓட்டுவதை ஒருநாள் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று சினேகிதிகளிடம் அலட்டியிருக்கிறேன். அந்த ஆசையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஜெல்லைத் தடவி நெஞ்செலும்புக்குக் கீழே, கையில் பிடித்து ஸ்கேன் செய்யும் அந்தப் புரோபை அழுத்தினேன். அப்பா கண்ணைத் திறந்தார்.

"நீயா பாக்குற தாயி?"

"நான்தாம்ப்பா. ஆடாமப் படுங்க."

"ஒண்ணுமில்ல தாயி... கொஞ்சம் மருந்து ஏறி..."

"மருந்து இல்லப்பா!" நான் கத்தியதில் நர்ஸ் அக்கா திடுக்கிட்டாள்.

திரையில் இதயம் வந்தது. தினமும் எத்தனையோ இதயம் பார்க்கிறேன். ஒன்றுகூட இப்படி நின்று யோசித்து யோசித்துத் துடித்ததில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இனி வராது என்று நான் முடிவுகட்டும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

டாக்டர் அப்பாவின் கழுத்தில் வயரைச் செலுத்தினார். "காணுதா?"

"இல்ல சார்."

"இப்போ?"

வலது மேலறையைத் தேடிக்கொண்டிருந்தவள் தற்செயலாகப் புரோபைச் சாய்த்தேன். ஈரலை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய்க்குள் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. "வயர் தாண்டிப் போயிருச்சு சார்! இதயத்துக்குள்ள போகாம நேரா கீழ எறங்குது! இழுங்க!"

இழுத்தார். கோடு பின்வாங்கி மேலறையில் வந்து சுருண்டது. லேசாகத் திருப்பித் தள்ளினார். வால்வு திறந்த ஒரு நொடியில், ரத்தத்தோடு சேர்ந்து அந்தக் கோடு கீழறைக்குள் வழுக்கிப் போனது. "உள்ள போயிருச்சு, உள்ள போயிருச்சு" என்று நான் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நுனி அடிச்சுவரில் போய்த் தொட்டது. பெட்டியை முடுக்கினார்கள். மானிட்டர் சீராகக் கூவியது. அப்பாவின் உதட்டில் நிறம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் சொன்னார்: "புரோபை எடுக்கண்டா. சொந்தத் துடிப்பு எவ்வளவு இருக்குன்னு ஒண்ணு நோக்கணும்." பெட்டியின் குமிழை மெல்லக் குறைத்தார்.

திரையில் எதுவும் அசையவில்லை. இதயம் ஒரு புகைப்படமாக நின்றது. படத்தை நான்தான் நிறுத்திவிட்டேனோ என்று குனிந்து பட்டனைப் பார்த்தேன். இல்லை. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பாவின் கண் மேலே செருகியது. டாக்டர் சட்டென்று குமிழைத் திருப்பிவிட்டார். மறுபடி துடித்தது.

அப்பாவிடம் சொந்தமாக ஒரு துடிப்புகூட மிச்சமில்லை.

கழுத்திலிருந்து வந்த வயர் துடிப்பு கொடுக்கும் பெட்டியில் முடிந்தது. அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் நான் உட்கார்ந்தேன். ஏறும் முன் கங்காணி கதவருகே வந்து, "குளிப்பாட்டுனது தப்பாத்தா?" என்று கேட்டார். இல்லையென்று தலையை ஆட்டிவைத்தேன்.

கீழே போய்ச் சேர்ந்ததும் நிரந்தரப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இன்றைக்கும் அப்பா ஸ்டோருக்குப் போகிறார். ஆனால் அந்தப் பயணத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. போடிமெட்டில் ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயச் சாய, என் விரல்கள் பெட்டியை நெரித்துக்கொண்டிருந்தன. கழுத்தை அசைக்கக் கூடாதென்று அப்பாவிடம் சொல்லியிருந்தோம். அவர் கண்ணை மட்டும் உருட்டி என் கையைப் பார்த்தார்.

"ஏ தாயி, ரொம்ப அமுக்காத. எதையாவது அணைச்சுத் தொலச்சிராத."

பிடியைத் தளர்த்தினேன். அடுத்த வளைவு வந்தது.