நானூறு நீலங்கள்

அந்தச் சாயப்பட்டறையில் நிறம் சரிபார்ப்பவர் எந்தத் துணியையும் ஜன்னலருகே கொண்டுபோய்த் தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பார். அவருடைய லேப்டாப் நிரம்பிவிட்டது என்று, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என்னைக் கூப்பிட்டிருந்தார். மதியத்துக்குள் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பவேண்டிய துணிப் படத்தைச் சேமிக்க இடமில்லை. ஃபோல்டர்களை அளவுவாரியாக வரிசைப்படுத்தினேன். முதலாவது, அவர் மகளின் கல்யாண வீடியோ. இரண்டாவது, ஒரே நீலத் துணியின் நானூறு படங்கள்.

“இதெல்லாம் ஒண்ணுதானுங்களே, அழிச்சிரட்டுங்களா?”

“ஐயோ அம்மணி, ஒவ்வொண்ணும் வேற வேற நீலமுங்க! அந்த வீடியோவ அழிச்சிருங்க.”

“கல்யாணத்தயாங்க?”

“அது நல்லபடியா முடிஞ்சுதுங்களே. மக ஊட்லயும் ஒண்ணு இருக்குது. நீலந்தான் பையர்கிட்ட இன்னும் ஓகே ஆகலீங்க.”

வீடியோவை அழித்தேன். துணிப் படம் போய்ச் சேரும்வரை அந்த நீலங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நாற்பதாவது படத்தில் நிறம் சற்றே ஆழமானதுபோல் இருந்தது. முந்தைய படத்துக்குத் திரும்பினேன். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.