பையில் இருந்த மனு

அக்கா மகன் செல்வராஜ் விஷக்காய்ச்சலில் இறந்துபோன எட்டாம் நாள், துக்கம் கேட்க உப்பிலியபுரத்திலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறினேன். அக்கா வீட்டுக்காரர் அங்கே ஒரு பஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். என் மகனோ எஸ்.எஸ்.எல்.சி. முடித்து மூன்று வருஷமாக வேலையில்லாமல் இருந்தான். போகிறதுதான் போகிறோம் என்று அவனுடைய வேலை மனுவையும் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். பொய் அழுகை இல்லை. ஆனாலும் பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை. கிளம்பும்போது மாமாவிடம் மனுவை நீட்டினேன்.

"இப்ப கேக்கக் கூடாதுதான் மாமா. உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

அவர் கோபப்படவில்லை. நிதானமாகப் படித்தார்.

"அடுத்த மாசம் ஒரு கண்டக்டர் எடம் வருதும்மா. நம்ம செல்வராஜுக்குன்னு மொதலாளிகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். இனிமே யாருக்குக் கேக்கப்போறேன்? பையனை அனுப்பி வை."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கோ, சொல்ல வெட்கமாயிருக்கிறது, சந்தோஷம் வந்தது.

மகன் அவர்கள் வீட்டிலேயே தங்கி வேலைக்குப் போனான். முதல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது அவன் கையில் எவர்சில்வர் டிபன் கேரியர்.

"பெரியம்மா தெனமும் இதுலதாம்மா சோறு கட்டிக் குடுக்குறாங்க."

கழுவும்போதுதான் பார்த்தேன். மூடியில் 'செல்வராஜ்' என்று பெயர் வெட்டியிருந்தது. தன் மகன் வேலைக்குப் போவான் என்று அக்கா முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறாள்.

அன்று அக்கா என்னைத் திட்டி வெளியே அனுப்பியிருந்தால், இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். அவள் என் மகனுக்குச் சோறு கட்டினாள்.