ஜன்னலில் வைத்த இரட்டை லென்ஸ்

நான் பழைய முப்பரிமாணப் படங்களைச் சேகரிப்பவள். ஒரே காட்சியின் இரு படங்கள் ஒட்டிய அட்டையை இரட்டை லென்ஸ் கருவியில் பார்த்தால், அவை ஒன்றாகி ஆழம் தெரியும்.

ஒருநாள் காலை, எங்கள் அடையாறு வீட்டின் கிழக்கு ஜன்னலில் கருவியை அட்டையோடு வைத்துவிட்டுக் காபி போடப் போனேன்.

"அடுப்புல என்னத்தடி வெச்ச? கருகுது!" என்று பூஜையறையிலிருந்து அம்மா கத்தினார்.

நான் அடுப்பையே இன்னும் பற்றவைக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், லென்ஸ்கள் வழியே வெயில் குவிந்து, அட்டையில் இரண்டு இடங்களில் புகை! பக்கத்திலேயே திரைச்சீலை. சட்டென்று கருவியைத் திருப்பினேன்.

"உன் பொம்மைப்பெட்டி வீட்டையே கொளுத்தியிருக்கும்!" என்றார் அம்மா.

ஆறியதும் ஆவலில் கருவிக்குள் பார்த்தேன். இரண்டு கருகலும் ஒன்றாகி, படத்திலிருந்த கடலுக்கும் அப்பால் கறுப்புச் சூரியனாக நின்றது.

இப்போதெல்லாம் பார்த்து முடித்ததும் லென்ஸ்களைத் துணியால் மூடி அலமாரியில் வைத்துவிடுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் காட்டுவது அந்தக் கருகிய அட்டையைத்தான்.