மணல் கலக்காத மேல்பூச்சு

"2010 ஆவணி 14, திங்கள். வாசல் தரை முடிவாயிற்று. அச்சுக் கோலம். அரக்குச் சிவப்புத் தரை, வெள்ளைக் கோடு. மேல்பூச்சு பளபளப்பாக. மணல் வேண்டாம்."

என் நாட்குறிப்பில் அன்றைய தேதியில் இருப்பது இவ்வளவுதான். கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் ஒரு கோடு இருக்கிறது. அதை அன்றே போட்டேனா, பிறகு போட்டேனா என்பது நினைவில்லை. மை ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

அந்த வாசல் என் அக்காவுக்காகப் போட்டது. கடலூருக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். 2004 டிசம்பரில் மாமாவையும் வீட்டையும் ஒரே காலையில் அலை கொண்டுபோனது. அடுத்த தை மாதம் ஒரு துணிப்பையோடு சிதம்பரத்துக்கு எங்களிடம் வந்தாள். வந்த மறுநாள் விடியும்போது வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. புருஷனை இழந்தவள் வாசலில் கோலம் போடலாமா என்று தெருவில் யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். யாரும் கேட்கவில்லை. என் மனைவி கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆறரை மணி பஸ்ஸைப் பிடிப்பவள். வாசல் தன் கையைவிட்டுப் போனதில் அவளுக்கு நிம்மதி. அன்றிலிருந்து அது அக்காவின் வாசல்.

2010இல் அக்காவின் முழங்கால்கள் ஓய்ந்தன. குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவள் கேட்கவில்லை. குந்தினால் எழ முடியாமல் தூணைப் பிடித்து எழுந்தாள். பழைய சிமெண்ட் தரையும் வெடித்துப் பெயர்ந்திருந்தது. அவள் விழாமல் இருக்க வேண்டும், குந்தாமலும் இருக்க வேண்டும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

ஆடிக் கடைசியில் கடலூரில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் கார் நிறுத்துமிடத்தில் புதுவிதமான தரை போட்டிருந்ததைப் பார்த்தேன். ஈரக் கான்கிரீட்டில் ரப்பர் அச்சை வைத்து அழுத்தி, நிறம் தூவி, மேலே கண்ணாடிபோல ஒரு பூச்சு. மதியம் இரண்டு மணி வெயில். தரை பளிச்சென்று இருந்தது.

"எப்டி மாமா? அரமண மாதிரி இல்ல?" என்றான் மச்சான்.

போட்டவர் லால்பேட்டைக்காரர். வளைகுடாவில் பல வருஷம் பங்களாக்களுக்குத் தரை போட்டுவிட்டுத் திரும்பியிருந்த மேஸ்திரி. அவரை வரவழைத்தேன். ஒரு பலகை அகலத்தில் மூன்று மாதிரிகள் வார்த்துக் காட்டினார். துடைப்பத்தை இழுத்துச் சொரசொரப்பாக்கியது ஒன்று. கூழாங்கல் வெளியே தெரிவது ஒன்று. மூன்றாவதில் நெளிக்கோலத்தையே அச்சாக இறக்கியிருந்தார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றின் மேலும் நின்று பார்த்தாள். துடைப்பம் இழுத்ததன் மேல்தான் அதிக நேரம் நின்றாள்.

"இது போதும்டா. காலப் புடிச்சி நிக்கிது."

"இதுல கோலப்பொடி ஒட்டிக்கும்க்கா. கழுவக் கழுவப் போவாது. அந்தக் கோலத்தப் பாரு, நீ குந்தவே வேணாம்."

"ஆமாண்டா, கோலத்தயும் சிமிட்டில போட்டுடு. அப்டியே சோத்தயும் சிமிட்டில வடிச்சி வச்சிட்டீன்னா தெனமும் ஒல வைக்க வேணாம்."

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எதையும் ஒப்பிட்டு எழுதிப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். அன்றும் ஒரு தாளில் கட்டம் போட்டு மூன்று தரைகளையும் எழுதினேன். வெயில் தாங்குமா, கறை பிடிக்குமா, வெடிக்குமா, எத்தனை வருஷம் வரும், பார்க்க எப்படி. அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. ஈரத்துக்கு அதில் கட்டம் இல்லை. தினமும் விடியலில் தண்ணீர் தெளிக்கிற ஒரு இடத்தை, காய்ந்திருக்கும்போது மட்டுமே பார்த்துவிட்டு முடிவு செய்தேன்.

மேஸ்திரி பார்க்காமல் இல்லை. "சார், ஷைனிங் ஜாஸ்தின்னா வழுக்கலும் ஜாஸ்தி. நான் வேல பாத்த ஊர்ல மழயே கெடயாது. இங்க தெனமும் தண்ணி தெளிப்பாங்க. மேல்பூச்சுல கொஞ்சம் சலிச்ச மணல் கலந்துடுறேன்."

"மங்கிடாதா?"

"லேசா மங்கும் சார்."

"அப்ப வேணாம்."

"உங்க இஷ்டம் சார்," என்றார்.

தரை காய்ந்த அன்று தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு அம்மா அக்காவிடம், "இனிமே ஒங்களுக்கு வேலயே இல்ல, குடுத்து வச்சவங்க" என்றார். அக்கா உள்ளே போய்விட்டாள். மறுநாள் விடியலில் எட்டிப் பார்த்தேன். தரையைக் கழுவிவிட்டு, ஒரு பலகையில் உட்கார்ந்து, அச்சு வைத்த வெள்ளைக் கோட்டின் மேலேயே பொடியால் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

மார்கழி பிறந்ததும் தண்ணீரில் சாணம் கரைக்க ஆரம்பித்தாள். பூசணிப்பூ வைக்கச் சாண உருண்டையும் பிடித்தாள். மார்கழி 3, சனிக்கிழமை, வாளி உருளும் சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் மனைவி அவள் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். கோலப்பொடி நிறைந்த ஒரு கை அப்படியே மூடியிருந்தது. ஆருத்ரா தரிசனத் தேர் நெருங்கிய நாட்கள். கூட்டத்துக்காக ஆட்டோ சுற்றுவழியில் போனது. ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவள் பல்லைக் கடித்தாள்.

இடுப்பில் எலும்பு முறிந்திருந்தது. சர்க்கரை இறங்காததால் அறுவை சிகிச்சையைத் தள்ளிக்கொண்டே போனார்கள். பிறகு அறுவை செய்யாமலே வீட்டுக்கு அனுப்பினார்கள். முதுகில் புண் வந்தது. புண்ணைத் துடைக்கும்போது ஒருநாள் கேட்டேன்.

"வழுக்கிச்சாக்கா?"

"இல்லடா. ஏந்திரிக்கறப்ப கண்ண இருட்டிச்சி." சற்றுப் பொறுத்து, "தரைய ஒண்ணும் சொல்லாத. நல்லா இருக்கு" என்றாள்.

மாசி முதல் வாரத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்தாள்.

அன்று காலை குப்பத்திலிருந்து உறவினர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மாமாவின் தம்பி படி ஏறாமல் அப்படியே நின்றுவிட்டார்.

"எவன்டா எழவு வூட்ல கோலம் போட்டது?"

யாரும் போடவில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. துக்கம் கழியும்வரை வாசலில் ஒரு புள்ளிகூட வைக்காத வீடுகள் எங்களுடையவை. அவளுடைய வாசலிலோ நெளிக்கோலம் கழுவிவிட்டதுபோல மின்னியது. ஒரு பெண் முந்தானையால் அதைத் தேய்த்துப் பார்த்தாள். சாக்கு போட்டு மறைத்தோம்; கால் பட்டு விலகியது. கடைசியில் பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து மச்சான் மணல் அள்ளிவந்து முழுதும் கொட்டினான். அந்த மணலின் மேல்தான் பாடையை வைத்தோம்.

பதினாறு நாள் எல்லோரும் அந்த மணலை மிதித்து நடந்தார்கள். காரியம் முடிந்து அள்ளியபோது தரை மங்கியிருந்தது. உள்ளங்கையால் தடவினேன். சொரசொரவென்று இருந்தது. கால்களுக்கடியில் மணல் உராய்ந்து கீறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

2011 டிசம்பர் 30 விடியலில் 'தானே' புயல் வந்தது. வாசலோரத்து வேப்பமரம் வேரோடு சாய்ந்தது; அந்த வேர் தரையைப் பாதிக்குமேல் பெயர்த்துத் தூக்கியது. மீதியையும் உடைத்து எடுக்கச் சொன்னேன். டிராக்டர்காரர் குமராட்சிப் பக்கம் யாரோ ஒருவருடைய பள்ளமான மனைக்கு நிரவக் கொண்டுபோனார். ஒரு துண்டும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

2012 சித்திரையில் புது வாசலுக்காக மேஸ்திரியை அழைத்தேன். துடைப்பம் இழுத்த தரை போதும் என்றேன். அக்கா இறந்தது அவருக்குத் தெரியாது. எப்படி விழுந்தாள் என்று சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"சார், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லல. அன்னிக்கு நீங்க ஆபீஸ் போனப்பறம் மணல் கலந்துட்டேன். அந்தக்கா கால் ஊனி நடந்தத நான் பாத்தேன். மனசு கேக்கல. அல்லா மேல ஆணயா அது வழுக்கற தர இல்ல சார்."

"மங்கலயே?"

"கொஞ்சமாத்தான் போட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லக் கூசியா, பொய்யைச் சொல்லக் கூசியா, தெரியவில்லை. தரையைக் குற்றம் சொல்லாதே என்று அக்கா சொன்னபோதும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் எழுதினேன்: "மேல்பூச்சில் மணல் கலந்ததாக மேஸ்திரி சொல்கிறார். சரிபார்க்கப்படவில்லை."

உடைத்த தரையில் ஒரு துண்டாவது கிடைக்குமா என்று பிறகு இரண்டு முறை குமராட்சிக்கு மினிபஸ்ஸில் போனேன். எந்த மனை என்று டிராக்டர்காரருக்கு நினைவில்லை. அவர் காட்டிய இரண்டு இடங்களிலும் வீடு எழும்பியிருந்தது. அந்தக் குறிப்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது.