ப்ளூட்டோவும் காலை ரயிலும்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் காலை ரயில் ஏறி பெங்களூரு வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். எம்.ஏ. படித்தவன். இலக்கணம் கஷ்டம் என்று ஒரே வாரத்தில் என்னை விட்டுவிட்டு சேகரிடம் போய்விட்டார்கள். பள்ளியில் என் பேப்பரைப் பார்த்து எழுதியவன் சேகர். இப்போது அதே ரயில் பெட்டியில் கோள்களைப் பற்றிப் பேசவைத்து ஆங்கில வகுப்பு நடத்துகிறான்.

இன்று, "கோள்கள் மொத்தம் ஒன்பது" என்றான்.

பெட்டிக்கே கேட்கும்படி சொன்னேன்: "ப்ளூட்டோவைக் கோளே இல்லன்னு தூக்கி எத்தனையோ வருஷம் ஆச்சுடா. என்னைப் பார்த்து எழுதின பரீட்சையோட நின்னுட்டியா?"

சேகருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு இனித்தது.

இன்று இன்டர்வியூவுக்குப் போகிற ஃப்ளோரா எழுந்தாள். "இன்னா சேகரண்ணா, இதுக்குப் போயி! நான் ஒரு சென்டன்ஸ் சொல்றேன், கேளுங்க."

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ப்ளூட்டோ இஸ் அவுட். பட் ப்ளூட்டோ கம்ஸ் எவ்ரி டே."

பங்காருபேட்டை வரை சிரித்தார்கள்.

பெங்களூரு வரை யோசித்தும் அவள் சென்டன்ஸில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

அவளுக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். தப்பா? நீங்களே சொல்லுங்கள்.

நாளையும் அதே பெட்டியில்தான் ஏற வேண்டும். அதனால் பெயர் போடாமல் பதிவிடுகிறேன்.