மஞ்சணை இல்லாத இசக்கி

தங்கத்தாய் சேரன்மகாதேவியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி, தாமிரபரணி கடலில் சேரும் ஊருக்கு வந்தாள். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை அங்கே இருந்தது. ஆங்கிலேயர் அதில் கச்சேரி என்ற அரசு அலுவலகம் வைத்தார்கள். பிறகு உப்பு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியானது. புருஷன் பிச்சைக்கண்ணு அங்கே மூட்டை சுமந்தான். அவன் செத்த பின் அவள் கூட்டுகிற வேலையில் இருந்தாள்.

கோட்டைக்குள் வேப்பமரத்தடியில் இசக்கியம்மன். சாய்ந்து நின்ற பலகைக்கல். மஞ்சளும் எண்ணெயும் குழைத்த மஞ்சணையை வருஷக்கணக்காகப் பூசியதில் உருவமில்லாத மொத்தையாகியிருந்தது.

மகள் முத்துராணிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. மூன்றாவது ஏழு மாசம் தாண்டினால் இசக்கிக்குப் படையலிட்டுக் கொடை கழிப்பதாகத் தங்கத்தாய் நேர்ந்திருந்தாள். தாண்டியது.

தொண்ணூற்று மூன்றில் கோட்டையை அருங்காட்சியகமாக்க அதிகாரிகள் வந்தார்கள். சுவர்களை அளந்தார்கள். மஞ்சள் மொத்தையைத் தாண்டிப் போனார்கள்.

கொடைச் செவ்வாயன்று பழைய மஞ்சணையைச் சுரண்டிக் கழுவி, கல் காய்ந்த பிறகு புதியதைப் பூச வேண்டும். மற்றவர்கள் மேலாகத்தான் சுரண்டுவார்கள். மகள் காரியம் என்பதால் தங்கத்தாய் கல் தெரியும்வரை சுரண்டினாள். கல்லில் செதுக்கிய ஒரு மண்டையோடும் புரியாத எழுத்துகளும் வந்தன. மண்டையோடு இசக்கிக்குப் பொருத்தமாகவே பட்டது.

கல் வெயிலில் காயும்போது அதிகாரி ஒருவர் வந்தார். பார்த்ததும் மண்டியிட்டார்.

"நல்லாக் கும்பிட்டுக்கிடுங்க சார். புள்ள குடுப்பா" என்றாள்.

அவர் எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். பூசி முடித்த பிறகு எடுத்துக்கொள்ளும்படி அவள் கெஞ்சினாள். எண்ணெய் எழுத்தை அரித்துவிடும் என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். பிரசவத்தில் பிள்ளையோடு இறந்த ஒரு டச்சு வியாபாரியின் மனைவிக்கு வைத்த கல்லாம்.

"அப்படிச் செத்தவதான் சார் இசக்கி."

நல்ல தகவல் என்று அவர் குறித்துக்கொண்டார்.

அன்று கொடை நடக்கவில்லை. எட்டாம் மாசம் முத்துராணிக்குப் பிள்ளை செத்தே பிறந்தது.

"ஒன்ன எவ அடிவரைக்கும் சொரண்டச் சொன்னா? மேலாப்புல தொடச்சாப் போதாதா?" என்றாள் மகள். அதன் பிறகு அவள் தாய் வீட்டுக்கு வரவில்லை.

அருங்காட்சியகத்திலும் தங்கத்தாய்க்கு அதே வேலைதான். தினமும் அந்தக் கல்லை உலர்ந்த துணியால் துடைப்பாள். விரலில் எண்ணெய்ப் பசை இருந்துவிடக் கூடாதென்று, வீட்டிலேயே சீயக்காய் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.